கடிகாரத்தோடு ஒரு பந்தயம்!

குட்டி நண்பர்களே, பள்ளிக்கூட நேரத்தில் மறைமலை நகர் தெருக்களைப் பார்த்திருக்கிறீர்களா? முதுகில் புத்தகப்பை, ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பையோடு எத்தனை அக்காக்கள் சைக்கிளில் பறக்கிறார்கள்! அதே சைக்கிளால் உலக அளவில் பெயர் வாங்கிய ஓர் அக்காவை இன்று தெரிந்துகொள்வோமா?

அவர் பெயர் டெபோரா ஹெரால்ட். 1995-ல் பிறந்தவர். ஊர், வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள கார் நிகோபார் தீவு. 2004 டிசம்பர் 26 அன்று நம் மெரினாவைத் தாக்கிய அதே சுனாமி, அதற்கு முன்பே அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. அப்போது டெபோராவுக்கு 9 வயதுதான். ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு, சில நாள்கள் அதிலேயே இருந்து உயிர் பிழைத்தார். பசிக்கு இலையும் மரப்பட்டையும்தான் சாப்பாடு!

பிறகு சைக்கிள் பந்தயத்துக்கு வந்தார். டெல்லியில் பயிற்சி பெற்றார். அங்கே 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய மரப்பலகை ஓடுதளம் இருக்கிறது. ஒரு சுற்று 250 மீட்டர். வளைவுகள் கிண்ணத்தின் விளிம்பு போலச் சாய்ந்திருக்கும். இந்தப் பந்தய சைக்கிளுக்கு பிரேக்கும் இல்லை, கியரும் இல்லை! எப்படி நிறுத்துவது? சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். அதனால் கால்களின் வேகத்தைக் குறைத்தால் சைக்கிளின் வேகமும் குறையும்.

டெபோராவின் பந்தயங்களில் ஒன்று, 500 மீட்டர் நேரப் பந்தயம். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, இரண்டே சுற்றில் முடிக்க வேண்டும். கடிகாரம்தான் எதிரி! 2015-ல் இந்தப் பந்தயத்தின் உலகத் தரவரிசையில் அவர் 4-வது இடம் பிடித்தார். அதுவரை எந்த இந்தியரும் எட்டாத உயரம் அது.

சாலைப் பந்தயமோ வேறு மாதிரி. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஓட்டிய தூரம் 137 கிலோமீட்டர்! வென்றவர் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர். அவர் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கணக்கு பிடிக்கும் குட்டீஸ், கவனித்தீர்களா?

நமக்குப் பக்கத்திலேயே, வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் உள்ள மேலக்கோட்டையூரில் 2024 ஜனவரியில் கேலோ இந்தியா சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. அடுத்த டெபோரா உங்கள் தெருவிலும் இருக்கலாம்!

ஆனால் ஒன்று. லாரிகள் ஓடும் ஜி.எஸ்.டி. ரோடு பந்தயத்துக்கான இடம் இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மைதானத்தில் மிதியுங்கள். சரியா?