'டிராப் அவுட்' என்றால் என்ன?



உதவித்தொகைப் படிவங்களிலும் பள்ளித் தகவல்களிலும் 'டிராப் அவுட்' என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. பொருள் தெரியாமல் அதற்கு நேராக 'ஆம்' என்று குறித்தால் பிள்ளைக்குத்தான் நஷ்டம். அதனால் விளக்கிச் சொல்கிறோம்.

'டிராப்' என்றால் விழு. 'அவுட்' என்றால் வெளியே. இரண்டும் சேர்ந்தால், தொடங்கிய படிப்பை முடிக்காமல் இடையில் நின்றுவிடுவது என்று பொருள். தமிழிலும் 'கை', 'விடு' இரண்டும் சேர்ந்து 'கைவிடு' ஆகும்போது பொருள் வேறாகிறது அல்லவா? அதுபோலத்தான். பின்னால் வரும் சிறு சொல் மாறினால் பொருளும் மாறும். 'டிராப் இன்' என்றால் போகிற வழியில் ஒரு வீட்டில் தலைகாட்டிவிட்டுப் போவது. 'டிராப் ஆஃப்' என்றால் ஒருவரை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுவது.

"அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான்" என்பதை 'ஹி டிராப்ட் அவுட் ஆஃப் ஸ்கூல்' என்று எழுத வேண்டும். நடுவில் உள்ள 'ஆஃப்' விட்டுப்போகக் கூடாது.

'பாஸ் அவுட்' என்பது வேறு. நம் நாட்டில் படிப்பை முடித்ததை அப்படிச் சொல்கிறோம். வெளிநாட்டினர் பலருக்கு அது மயங்கி விழுவதைக் குறிக்கும். வளைகுடா வேலைக்கு விண்ணப்பம் எழுதுவோர் 'கம்ப்ளீட்டட்' என்று எழுதுவது நல்லது.

முக்கியமான ஒன்று: பத்தாம் வகுப்பில் ஃபெயில் ஆன பிள்ளை டிராப் அவுட் இல்லை. துணைத்தேர்வு அதே ஆண்டில் நடக்கிறது. எழுதித் தேறினால் ஆண்டு வீணாகாது. 14 வயதுக்குள் நின்றுவிட்ட பிள்ளையையும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுக்கேற்ற வகுப்பில் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நெல்லிவாசல்நாட்டிலிருந்து கல்லூரிக்கு மலையிறங்கித் திருப்பத்தூருக்கோ வாணியம்பாடிக்கோ போக வேண்டும். பஸ், விடுதிச் செலவை நினைத்தே பலர் பிள்ளையை நிறுத்துகிறோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் (2022) மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024) உண்டு. பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டால் இந்தத் தொகையும் போய்விடும்.

படிவத்தில் சந்தேகம் இருந்தால் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். உடனிருந்து நிரப்பித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.