நர்சை ஜெயிலில் தள்ளிய கணக்கு! தப்பைப் பிடிப்பவர்கள் கூடும் மாநாட்டில் நடப்பது என்ன?

கத்தி சிக்கவில்லை. கண்ணால் பார்த்த சாட்சியும் இல்லை. ஆனாலும் ஒரு நர்சுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவரை ஊரே கொலைகாரி என்று நம்பியதில் ஒரு எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த எண்: 34 கோடியே 20 லட்சத்தில் ஒன்று!

அது தப்பான கணக்கு. அதைப் போட்டு உடைத்தவர்களில் முக்கியமானவர்கள் புள்ளிவிவர நிபுணர்கள். அப்படிப்பட்ட நிபுணர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கூடிப் பேச ஒரு மாநாடே இருக்கிறது. பெயர் 'காம்ப்ஸ்டாட்'. கம்ப்யூட்டரை வைத்துப் புள்ளிவிவரக் கணக்குப் போடுவது எப்படி, அந்தக் கணக்கு எங்கே சறுக்கும் என்பதுதான் அங்கே பேச்சு.

இது பற்றிய விவரம் வருமாறு:-

8-க்கு 8!

நெதர்லாந்து நாட்டின் திஹேக் நகரம். அங்குள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர் லூசியா டி பெர்க். 2001-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கே ஒரு குழந்தை இறந்தது. லூசியா மீது சந்தேகம் விழுந்தது. உடனே பழைய டூட்டி நோட்டுகளைப் புரட்டினார்கள்.

மொத்தம் 1,029 ஷிப்டு. அதில் லூசியா வேலை பார்த்தது 142. 'சந்தேக சம்பவம்' என்று குறிக்கப்பட்டவை 8. அந்த எட்டு தடவையும் டூட்டியில் இருந்தவர் லூசியா!

அப்புறம் என்ன? அந்த டிசம்பரிலேயே கைது. 2003-ம் ஆண்டு மார்ச் மாதம் ஆயுள் தண்டனை. 2004-ல் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. புள்ளிவிவரத்தை வைத்துத் தண்டிக்கவில்லை என்று அப்பீல் கோர்ட்டு சொன்னது. ஆனால் அதற்குள் '34 கோடியில் ஒன்று' ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இதெல்லாம் தற்செயலாக நடக்க முடியுமா என்பதே எல்லோருடைய கேள்வியாகவும் இருந்தது.

சறுக்கியது எங்கே?

முதலில் சந்தேகம் கிளப்பியவர்கள் ஒரு பெண் டாக்டரும், பேராசிரியரான அவருடைய சகோதரரும். அவர்களோடு புள்ளிவிவர நிபுணர்களும் சேர்ந்து கொண்டார்கள். லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் கில் அவர்களில் ஒருவர். கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது ஓட்டை மேல் ஓட்டை!

ஓட்டை ஒன்று: பெருக்கல். லூசியா வேலை பார்த்த மூன்று வார்டுகளுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, மூன்றையும் ஒன்றோடு ஒன்று பெருக்கிவிட்டார்கள். இது ஏன் தப்பு?

ஒரு பாவமும் அறியாத நர்சு ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். ஒரு வார்டில் அவர் கணக்கு 'இரண்டில் ஒன்று' என்று வருகிறது. அதில் ஒரு விசேஷமும் இல்லை. அவரே 20 வார்டு மாறி வேலை பார்க்கிறார். எல்லா வார்டிலும் அதே இரண்டில் ஒன்று. இருபதையும் பெருக்கிப் பாருங்கள். பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும்! அவர் செய்த குற்றம், அடிக்கடி வார்டு மாறியது மட்டும்தான்.

ஓட்டை இரண்டு: எண்ணிக்கை எடுத்த விதம். சந்தேகம் வந்த பிறகுதான் நோட்டைப் புரட்டினார்கள். லூசியா இருந்தபோது நடந்தது என்றால் அது சந்தேக சம்பவம். இல்லாதபோது நடந்தது சாதாரண சாவு! இப்படி எழுதினால் யார் பெயரைப் போட்டாலும் குற்றவாளிதான்.

ஓட்டை மூன்று: எல்லா நர்சுக்கும் ஒரே மாதிரி நாள் என்று நினைத்தது. ராத்திரி டூட்டி வேறு, பகல் டூட்டி வேறு. நோயின் கடுமையும் நாளுக்கு நாள் மாறும். இதையெல்லாம் சேர்த்து நிபுணர்கள் மறுபடி கணக்குப் போட்டபோது ஏறத்தாழ 50-ல் ஒன்று என்றுகூட வந்தது. ஒரு நாட்டில் எத்தனை ஆயிரம் நர்சுகள்? யாராவது சிலருக்கு அப்படி அமைந்தே தீரும்.

இன்னொரு விஷயம் கேளுங்கள். லூசியா வருவதற்கு முந்திய மூன்று ஆண்டில் அந்த வார்டில் 7 சாவு. அவர் இருந்த மூன்று ஆண்டில் 6 சாவு. கொலைகாரி வந்த பிறகு சாவு குறையுமா?

வியன்னாவில் ஆரம்பம்

இனி மாநாட்டுக்கு வருவோம். முதல் காம்ப்ஸ்டாட் மாநாடு 1974-ம் ஆண்டு ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் வியன்னாவில் நடந்தது. அட்டையில் ஓட்டை போட்டு கம்ப்யூட்டருக்குக் கணக்குக் கொடுத்த காலம் அது. அடுத்து 1976-ல் மேற்கு பெர்லின். 1978-ல் லைடன். பிற்பாடு லூசியா கைதான திஹேக் நகரத்துக்குப் பக்கத்து ஊர்தான் அது.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கம்ப்யூட்டர் புள்ளிவிவரத்துக்கென்று ஒரு சர்வதேச சங்கம் 1977-ல் தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம், புதுடெல்லியில் நடந்த உலகப் புள்ளிவிவர நிபுணர்கள் கூட்டம்.

முதல் மாநாடு நடந்து 50 ஆண்டு ஆன 2024-ல், ஜெர்மனியின் கீசன் நகரில் கூடினார்கள்.

இப்போது இந்த மாநாடுகளில் அதிகம் அடிபடும் வார்த்தை 'சிக்கலான தரவு'. பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. கூட்டிக் கழித்தால் தீராத கணக்கு, அவ்வளவுதான். லூசியாவின் டூட்டி நோட்டே அதற்கு உதாரணம். நர்சு ஷிப்டுக்குள்ளே, ஷிப்டு வார்டுக்குள்ளே, வார்டு ஆஸ்பத்திரிக்குள்ளே. நடுவில் விட்டுப்போன பக்கங்கள். ஒன்றை இழுத்தால் இன்னொன்று அசையும்.

மளிகைக்கடை பில்

அந்த மாதிரி கணக்கை எவ்வளவு நம்பலாம்? அதைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தவர் அமெரிக்கர் பிராட்லி எஃப்ரான். ஆண்டு 1979. பெயர் 'பூட்ஸ்டிராப்'.

ஒரு மளிகைக்கடைக்காரர் கையில் 200 பில் இருக்கிறது. ஒரு பில்லுக்குச் சராசரி எவ்வளவு என்று பார்த்துவிட்டார். அது உருப்படியான சராசரியா? 200 பில்லையும் டப்பாவில் போட்டுக் குலுக்க வேண்டும். ஒன்றை எடுத்துத் தொகையை எழுதிக்கொண்டு, திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட வேண்டும். இப்படி 200 தடவை எடுத்தால் ஒரு புதுச் சராசரி கிடைக்கும். இதையே ஆயிரம் முறை செய்தால் ஆயிரம் சராசரி. எல்லாம் பக்கம் பக்கமாக நின்றால் நம்பலாம். அங்கும் இங்கும் தாவினால், உஷார்!

கையால் செய்தால் கடையைச் சாத்திவிட்டு இதே வேலையாக உட்கார வேண்டியதுதான். கம்ப்யூட்டருக்குக் கண் சிமிட்டும் நேரம்.

ஒரு பூஜ்யம் செய்யும் வேலை

குமாஸ்தாக்களுக்குத் தெரிந்த தொல்லை இன்னொன்று. ஐந்து பேருக்குத் தலைக்கு 20 ஆயிரம் சம்பளம். ஒருவருக்கு மட்டும் கைதவறி ஒரு பூஜ்யம் கூடிவிட்டது. 2 லட்சம்! இப்போது சராசரி போட்டால் 56 ஆயிரம். ஐந்து பேரில் ஒருவர்கூட அந்தச் சம்பளம் வாங்கவில்லை. ஆனால் சம்பளங்களை வரிசையாக அடுக்கி நடுவில் உள்ளதைப் பார்த்தால் அதே 20 ஆயிரம்தான்.

கெட்ட எண் கலந்தாலும் ஏமாறாத கணக்கு முறைகள் இந்த மாநாடுகளின் பழைய தலைப்பு. 1984-ல் பெல்ஜியம் நாட்டு நிபுணர் பீட்டர் ரூசியூ இப்படி ஒரு முறையை வெளியிட்டுப் பேர் வாங்கினார்.

கணக்குப் போடும் சாப்ட்வேரும் ரகசியமாக இருக்கக்கூடாது என்பது அவர்களில் பலருடைய கட்சி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் 1990-களில் 'ஆர்' என்ற சாப்ட்வேரை உருவாக்கி இலவசமாக விட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். தப்பு இருந்தால் சொல்லலாம்.

நர்சு என்ன ஆனார்?

2006-ல், ஜெயிலில் இருந்தபோதே லூசியாவுக்குப் பக்கவாதம் வந்தது. 2008-ல் அவரை வெளியே விட்டார்கள். அதே ஆண்டு வழக்கை மறுபடி விசாரிக்க உத்தரவு வந்தது. அந்தக் குழந்தை இயற்கையாகவே இறந்திருக்கலாம் என்று மருத்துவ நிபுணர்களும் கூறினார்கள். 2010-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, எல்லாக் குற்றச்சாட்டுகளில் இருந்தும் அவர் விடுதலை செய்யப்பட்டார்.

அதற்குள் ஆறு ஆண்டுக்கு மேல் ஜெயிலில் போய்விட்டது.

பாங்கியிலோ, ஆபீசிலோ, ஆஸ்பத்திரியிலோ "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, நான் என்ன பண்றது?" என்று யாராவது கையை விரித்தால், சும்மா திரும்பிவிடாதீர்கள். நிபுணர்கள் மாநாடு கூட்டிக் கேட்கும் கேள்வியை நீங்களும் கேட்கலாம்.

"கம்ப்யூட்டர் சொல்றது இருக்கட்டும் சார். அதுக்கு எந்த நோட்டைப் பார்த்துப் போட்டீங்க? அந்த நோட்டை எழுதினது யாரு?"