குங்குலியமும் குக்குலுவும்

சம்பந்தர் பாடிய வடுகூர் என்னும் தலம் இந்நாளில் திருவாண்டார்கோயில் எனப் பெயர் வழங்கிப் புதுச்சேரி மாநிலத்தில் உள்ளது. அவ்வூரினின்று வந்து எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர், பெரியபுராணத்துக் குங்குலியக்கலய நாயனார் வரலாற்றைப் பாடங்கேட்ட நாளில் ஒரு வினா எழுப்பினார். மனைவியார் நெல்லுக்கெனத் தந்த தாலியைக் கொடுத்து நாயனார் பெற்ற குங்குலியமும், குருதிக் கொழுப்பைக் குறைக்கும் என்று இன்று பலர் உண்ணும் குக்குலுவும் ஒரு பொருளோ என்பது அவ்வினா. அவர்தம் தந்தையார் மருத்துவர் அளித்த மாத்திரையைக் கைவிட்டுக் குங்கிலியத் தூளை உண்டு வருகின்றார் எனப் பின்னர் அறிந்தோம். ஆதலின் இது சொல்லாராய்ச்சி அளவில் நிற்கும் வினா அன்று.

குங்குலியம் என்பது குக்குலு என்னும் வடசொல்லின் திரிபென்பர். சொல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. வடநூல் மருத்துவர் கூறும் குக்குலு, இராசத்தான், குசராத்து ஆகிய பகுதிகளின் வறண்ட நிலத்தில் வளரும் முட்செடி ஒன்றன் பிசின். சித்த மருத்துவத்தில் குங்கிலியம் எனப் பெரிதும் வழங்குவதோ சால மரத்தின் பிசின். புண்ணுக்குப் பூசும் குங்கிலிய வெண்ணெய் இதனாற் செய்யப்படுவது. கருங்குங்கிலியம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் பிறிதொரு மரத்தினது. நாயனார் இட்டது இவற்றுள் யாதெனப் புராணங்கொண்டு துணிதல் அரிது. தூபத்திற்கு வேண்டுவது நறுமணமே. ஆங்கு இம்மயக்கத்தால் இடர் இல்லை. உண்பார்க்கு அவ்வாறன்று.

கொழுப்பு மிகுதலால் வரும் நோய்பற்றிச் சுசுருத சங்கிதை கூறுவதைத் துணையாகக் கொண்டு, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி அவர்கள் முயல்களிடத்துக் குக்குலுவை ஆராய்ந்தார். குருதியிற் கொலஸ்டிரால் குறைதலை 1966ஆம் ஆண்டு ஆய்வேட்டில் அவர் காட்டினார். பழநூற் பகுதி ஒன்றைச் சோதனைக்கு உட்படுத்திய இம்முயற்சி எம்மனோர்க்கும் வழிகாட்டி. பின்னர் இலக்னோ நகரத்து மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் அப்பிசினின் சாற்றை மருந்தாக்கினர். கல்லீரல் கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக மாற்றும் இயல்பினது. பித்த அமிலம் மிகுந்தவழி அம்மாற்றத்தைத் தடுக்கும் ஏற்பி ஒன்று உண்டு. குக்குலுவின் பொருள் அவ்வேற்பியை அடக்குகின்றது என 2002இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று.

ஆயினும் 2003இல் அமெரிக்காவில் 103 பேரிடத்து எட்டு வாரம் நிகழ்ந்த சோதனையின் முடிவு மாறாக அமைந்தது. நாளங்களிற் படிந்து கேடு செய்யும் கொலஸ்டிரால், குக்குலுச் சாறு உண்டாரிடத்து 4 முதல் 5 விழுக்காடு ஏறிற்று. வெற்று மாத்திரை உண்டாரிடத்து 5 விழுக்காடு இறங்கிற்று. சாறு உண்டாருள் சிலர்க்குத் தோலில் தடிப்பும் தோன்றிற்று. மேலைநாட்டு உணவே இவ்வேறுபாட்டின் காரணமாகலாம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், மருத்துவர் தந்த மாத்திரைக்கு ஈடாகக் குக்குலுவைக் கொள்ளுதல் தகாது என்பதே எம் கருத்து. சால மரப் பிசினுக்கோ மேற்கூறிய ஆய்வுகளுள் ஒன்றும் சான்றாகாது.

அளவிறந்து பிசின் எடுத்தமையால் குக்குலுச் செடி இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக எண்ணப்படுகின்றது. அருகிய பொருளிற் பிற பிசின் கலத்தல் எளிது. ஆதலின் மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் குங்கிலியம் என வருமிடத்துப் ‘பிசின்வகை’ என்று எழுதி அமையாது, இன்ன மரத்தினது என்றும், துணிய இயலாதாயின் ஐயம் என்றும் குறித்தல் வேண்டும்.

மறுவாரம் அம்மாணவர் தூளைக் கொணர்ந்து காட்டினார். பொதியின்மேற் குங்கிலியம் என்ற பெயர் இருந்தது. மரத்தின் பெயர் இல்லை. அதனொடு தந்தையாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு கூறி அனுப்பினோம்.