புற்றுநோயும் உயிரணுக்களின் 'பசையும்': மொன்றியல் கண்டுபிடிப்பு உணர்த்துவது என்ன?

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ, மொன்றியல்

பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் 'சி.இ.ஏ.' என்ற மூன்றெழுத்தைப் பலரும் கண்டிருப்பார்கள். உலகெங்கும் மருத்துவமனைகளில் அளக்கப்படும் இந்தப் புரதம், 1965ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் கண்டறியப்பட்டதாகும்.

மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும், ஒரே நோயாளியின் குடலிலிருந்து பெறப்பட்ட புற்றுத் திசுவையும் அதனை அடுத்திருந்த நலமான திசுவையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். புற்றில் அவர்கள் கண்ட பொருள், கருவில் வளரும் சிசுவின் குடலிலும் காணப்பட்டது.

ஆனால் அந்தப் புரதத்தின் பணி என்ன என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் 24 ஆண்டுகள் ஆயின. அது ஓர் உயிரணுவை மற்றொன்றுடன் பிணைக்கும் ஒட்டு மூலக்கூறு என்பதை, அதே பல்கலைக்கழகத்தின் கிளிஃபர்ட் ஸ்டானர்ஸ் குழுவினர் 1989இல் எடுத்துக்காட்டினர்.

பிணைப்பே பகையாவது எப்படி?

இது முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றலாம். புற்றுநோய் பரவுவதற்கு உயிரணுக்கள் பிணைப்பை விட்டு விலக வேண்டும் அல்லவா? சில புற்றுகளில் அவ்வாறே நிகழ்கிறது. ஈ-கேட்ஹெரின் என்ற ஒட்டு மூலக்கூறுக்கான மரபணு பழுதடைவதால் இரைப்பைப் புற்றுநோய் பரம்பரையாகத் தொடர்வது, நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் நடத்தப்பட்ட ஆய்வின் மூலம் 1998இல் தெரியவந்தது.

சி.இ.ஏ.யின் வழி வேறு. நலமான குடலில் அது உயிரணுவின் உட்குழாயை நோக்கிய பக்கத்தில் மட்டுமே இருக்கும். புற்றிலோ உயிரணுவைச் சுற்றிலும் பரவி, திசுவின் ஒழுங்கைக் குலைக்கிறது. திசுவிலிருந்து பிரிந்த உயிரணு தானாகவே மடிந்துபோவது இயல்பு; மிகையான சி.இ.ஏ. அதனைத் தடுப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. அதாவது, ஒட்டும் ஆற்றல் கூடுவதும் குறைவதும் ஆபத்தாகலாம்.

பரிசோதனையின் எல்லை

புற்றுநோயைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும் பரிசோதனையாக சி.இ.ஏ. அமையும் என்ற ஆரம்பகால எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. புகைபிடிப்போரிடமும், கல்லீரல் நோய் அல்லது குடல் அழற்சி உள்ளவர்களிடமும் அதன் அளவு உயரக்கூடும். மறுபுறம், ஆரம்பநிலைப் புற்று உள்ள பலரிடம் அது இயல்பான அளவிலேயே இருக்கும்.

ஆகவே, அளவு உயர்ந்திருப்பதால் மட்டும் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. இயல்பாக இருப்பதால் நோயில்லை என்று ஆறுதல் கொள்வதும் தவறு. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர் அது தொடர்ந்து உயர்கிறதா என்று கண்காணிப்பதே இதன் முதன்மைப் பயன். நோயை முன்கூட்டிக் கண்டறிய மருத்துவர்கள் நம்புவது மலப் பரிசோதனையையும் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையையுமே.