வானிலும் நீரிலும் செல்லும் இயந்திரப் பறவை

விமானம் நீந்தாது, நீர்மூழ்கிக் கப்பல் பறக்காது. இரண்டையும் ஒரே இயந்திரம் செய்ய இயலுமா? இயலும் என்று நமக்கு வழிகாட்டுகிறது ‘கேனட்’ என்னும் கடற்பறவை. வட அட்லாண்டிக் கடற்பகுதியில் வாழும் இப்பறவை, மீனைக் கண்டதும் சில வேளைகளில் 30 மீட்டர் உயரத்திலிருந்துகூட அம்பெனக் கடலுள் பாயும்.

இது எளிய செயலன்று. நீரின் அடர்த்தி காற்றினுடையதைப் போல் ஏறத்தாழ 800 மடங்கு. பறப்பதற்கு அகன்ற சிறகுகள் தேவை; நீருக்குள் அவையே பெருந்தடை. பெங்குவின் நீந்துவதில் சிறந்தது. ஆனால் பறக்கும் ஆற்றலை இழந்தது. கேனட்டோ நீரைத் தொடும் வேளையில் சிறகுகளைப் பின்னோக்கி மடக்கிக் கொள்கிறது!

இதைப் பின்பற்றி, லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் சிறகை மடக்கி நீரில் பாயும் ‘அக்வாமாவ்’ என்னும் சிறு ரோபோவை உருவாக்கினர். நீரிலிருந்து மீண்டும் எழுவதே பெரிய சிக்கல். அழுத்தி அடைத்த கரியமில வாயுவினால் நீரைப் பின்னோக்கிப் பீச்சி, அதனை மேலெழச் செய்தனர். 2019-ல் அக்கல்லூரியினர் வேறொரு வழியும் கண்டனர். கால்சியம் கார்பைடு நீருடன் சேர்ந்தால் அசிட்டிலீன் வாயு உண்டாகும் அன்றோ? அதை எரித்து, 160 கிராம் எடையுள்ள மற்றொரு ரோபோவை நீரிலிருந்து எழுப்பி 26 மீட்டர் தூரம் செல்ல வைத்தனர்.

வெள்ளம் சூழ்ந்த இடங்களிலும், எண்ணெய் கசிந்த கடலிலும் மனிதர் உயிரைப் பணயம் வைக்காமல் நீர் மாதிரி எடுத்துவர இத்தகைய ரோபோக்கள் உதவும். சிறகை விரிப்பதை மட்டுமன்றி, வேண்டும்போது மடக்குவதையும் பறவைகளிடமிருந்து நாம் கற்போமாக!