புறப்பாட்டில் சக்கரத்தின் பிடிப்பு

பாசிர் கூடாங்கில் 1986இல் பந்தயத் தடம் திறக்கப்பட்டது தொட்டு, ஜொகூர்த் தோட்டப்புற இளைஞரிடையே கார்ப் பந்தயப் பேச்சு ஓய்ந்ததில்லை. கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்பாதையில் ஓடும் டிராக் பந்தயத்தில், எஞ்சின் வலிமை மிக்க வண்டியே வெல்லும் என்று என் பழைய மாணவர் சிலர் வாதிட்டனர். அது பாதி உண்மையே. சக்கரம் தரையைப் பற்றாவிடின் வலிமையெல்லாம் டயர்ப் புகையாய்ப் போகும்.

பிடிப்பு, சக்கரத்தின்மேல் அமரும் பாரத்தைப் பொறுத்தது. பஸ் புறப்படுகையில் நாம் பின்னே சாய்கிறோம் அன்றோ? வண்டியின் பாரமும் அவ்வாறே பின்னச்சுக்கு மாறுகிறது. எடை 1,000 கிலோ, அச்சுகளின் இடைவெளி 2.5 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.5 மீட்டர் எனக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு முடுக்கத்துடன் பாய்ந்தால் 100 கிலோ பாரம் பின்னே மாறும்.

பின்சக்கரத்தால் இயங்கும் வண்டிக்கு இது வரவு. முன் ஷாக் அப்சார்பர் எளிதில் விரியுமாறு தளர்த்தினால் மூக்கு விரைந்தெழும். பின்சக்கரம் விரைவில் பிடிப்புப் பெறும். 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகா போன்ற முன்சக்கர இயக்க வண்டிக்கோ இது இழப்பு. ஆதலின் முன் ஷாக் அப்சார்பர் மெல்ல விரியுமாறு இறுக்குவர். பின்புறம் அமிழாதபடி சுருள்வில்லை விறைப்பாக்குவர். இவை மாறும் பாரத்தின் அளவைப் பெரிதும் மாற்றா. மாறும் விரைவையே ஆளும். அளவைக் குறைக்க வண்டியைத் தாழ்த்தல் வேண்டும்.

ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்து, நேரத்தைக் குறித்துவைத்தல் முறை. அதுவும் பொதுச்சாலையில் அன்று, உரிய தடத்திலேதான். சாலையில் ஓட்டிப் பார்ப்போர் பணயம் வைப்பது உயிரை.

ஆசிரியர்களே! காரைப்பற்றிக் கேட்கும் பிள்ளையை வாயடைக்க வேண்டா. முடுக்கமும் உராய்வும் அவன் மனத்தில் பதிய அக்கேள்வியே நல்வாயில்.