புல்மோட்டைக் கருமணலும் ஒல்லாந்த வெண்முகிலும்

ஒல்லாந்தரின் மேய்ச்சல் நில ஓவியங்களில் பெரும்பாலும் மாடுகளைவிட வானத்துக்கே இடம் அதிகம். பவுலஸ் பொட்டர் 1647இல் தீட்டிய ‘காளை’ இந்த வகையின் பேர்பெற்ற படம். இன்று ஹேக் நகரின் மொரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்து அப்போது எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அக்கால ஓவியர்கள் முகிலுக்கும் மாட்டின் வெள்ளைத் திட்டுக்கும் பூசியது ஈயவெள்ளை. அதை ஒல்லாந்தர் செய்த முறை வியப்பானது. மண்சாடியின் அடியில் வினாகிரி, அதற்கு மேல் ஈயச் சுருள். இப்படிச் சாடிகளை அடுக்கி, சுற்றிலும் குதிரைச் சாணத்தை நிரப்பிக் கொட்டகையை மூடிவிடுவார்கள். சாணம் புளித்து வெப்பமும் காபனீரொட்சைட்டும் தரும். வினாகிரி ஆவி ஈயத்தை அரிக்கும். சில மாதங்களில் சுருளின் மேல் வெண்மையான பொருக்கு படிந்திருக்கும். அதைச் சுரண்டி, அரைத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் வர்ணம் தயார். அழகான வெள்ளை, ஆனால் நஞ்சு. செய்தவர்களின் உடலை அது அழித்தது.

அந்த வெள்ளையின் இடத்தைப் பிடித்த பொருள் நம் மாவட்டத்துக் கரையிலேயே கிடக்கிறது. திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றரில் புல்மோட்டை. அங்குள்ள கனிய மணலைக் கறுப்பாக்குவது இல்மனைட்: இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். இரும்பைப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது தூய வெண்மையான டைட்டேனியம் ஈரொட்சைட்டு. வர்ணமாக அது சந்தைக்கு வந்தது 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில். எண்ணெயின் ஒளிமுறிவுச் சுட்டி சுமார் 1.5, ஈயவெள்ளையினுடையது 2, இதன் ரூட்டைல் வடிவத்தினுடையது 2.7. எண்ணெய்க்கும் துகளுக்கும் இடையிலான வித்தியாசம் கூடக்கூட ஒளி அதிகம் சிதறும். அதனால்தான் மெல்லிய பூச்சே அடியிலுள்ளதை முழுதாக மறைக்கிறது.

டைட்டேனிய வெள்ளை 1920ஐ ஒட்டித்தான் சந்தைக்கு வந்தது என்ற இந்த வயதுக் கணக்குத்தான் போலி ஓவியர்களுக்கு வினையானது. எக்ஸ் கதிரை ஓவியத்தில் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும். 1914இல் தீட்டப்பட்டதாகச் சொல்லி 2006இல் 28.8 இலட்சம் யூரோவுக்கு விலைபோன குதிரைப் படம் ஒன்றில் டைட்டேனிய வெள்ளை அகப்பட்டது. அதைத் தீட்டிய வொல்ப்காங் பெல்ட்ராக்கிக்கு 2011இல் கொலோன் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. ஒல்லாந்தப் படமானாலும் சோதனை இதுதான். டைட்டேனியம் தென்பட்டவுடன் போலி என்று முடிவுகட்டவும் கூடாது. பிற்காலத்தில் செப்பனிட்டவர் பூசியிருக்கலாம். களிமண் வர்ணங்களிலும் அது சிறிதளவு உண்டு. எந்தப் படையில், எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி.

புல்மோட்டை மணல் பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் கனியமாகவே கப்பலேறுகிறது. வெள்ளையாக்கும் ஆலையை இங்கே நிறுவுவது எளிதல்ல. அமிலக் கழிவை எங்கே விடுவது என்பதே பெரிய சிக்கல். ஆனால் இந்த மணலைப் பாடமாக்க ஆலை தேவையில்லை. திருகோணமலை மாவட்டத்தின் இரசாயனவியல் ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்கு இல்மனைட்டைக் காட்டிக் கற்பிக்க வேண்டும்.